லாம்ப்டே வீட்டு நாலாவது பிள்ளை

அக்ராவின் ஜேம்ஸ்டவுனில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று 1911இல் கட்டிய இரண்டுமாடிக் கடை, வருடத்துக்கு ஓரடி கடலைப் பார்த்து நடந்தது. அதன் தூணும் கூரைத் தகடும் கப்பலில் வந்தவை. திரும்பிப் போகும் வழி அவற்றுக்குத் தெரிந்திருந்தது. கம்பெனி சங்கிலி போட்டுப் பார்த்தது. பொறியாளர் ஒருவரை வரவழைத்தது. அவர் அளந்து முடிப்பதற்குள் காய்ச்சல் கண்டு ஊர் திரும்பினார். சுதந்திரம் வந்த மறு வருடம் துரைமார் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். வாசலுக்கும் அலைக்கும் நடுவே அப்போது பதினோரு அடி. அன்றிலிருந்து கட்டடம் நாளுக்கு ஓரடி நடந்தது.

முன்வாசலில் முப்பது வருடமாகத் துணி விற்றுவந்தவள் கோர்க்கோய். அந்த வாசலை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. மூன்று பையன்களையும் துணிக்கட்டுகளுக்கு நடுவே அங்கேதான் வளர்த்தாள். ஆனால் விஷயம் பிடிபட்டதும் அவளுக்குத்தான். அந்த ஊர் வழக்கத்தில் பிறந்த பிள்ளை ஏழு நாள் விருந்தாளி. எட்டாம் நாள் விடியலில் தகப்பன் வீட்டார் பெயர் வைத்தால்தான் தங்கும். இந்தக் கட்டடத்துக்குக் கம்பெனி பலகைதான் மாட்டியது, பெயர் வைக்கவில்லை. துரைமார் போன நாளையே பிறந்த நாளாக எடுத்துக்கொண்டு, ஏழாம் நாள் அவள் லாம்ப்டே வீட்டுக்கு, செத்துப்போன கணவனின் அண்ணன் நீ அயித்தே என்பவரிடம் போனாள்.

"பெரியவரே, நாளைக்கு எட்டாம் நாள். கடைக்கு நீங்கதான் பேர் வெக்கணும்."

"ஏம்மா, என் தம்பி போயி ஒம்பது வருசம் ஆச்சு. இப்ப மாடியும் சன்னலுமா ஒரு பிள்ளையக் கொண்டாந்து நிறுத்துற. எங்க ஜாடை எங்க இருக்கு அதுல?"

"சொல்லாம கொள்ளாம கடல் பக்கம் கிளம்புறதுல அப்படியே உங்க தம்பிதான்."

கிழவர் சிரித்துவிட்டார். சிரித்தபின் வராமல் இருக்க முடியவில்லை.

பிள்ளையைத் தரையில் கிடத்தி, கூரைமேல் வீசிய தண்ணீர் அதன்மேல் சொட்ட வேண்டும் என்பது முறை. இந்தப் பிள்ளைக்குக் கூரை கூடவே இருந்ததால் வேலை சுளுவாயிற்று. வாசற்படியில் மக்காச்சோளக் கள் ஊற்றினார்கள். நாலாவது மகனுக்குரிய ஆனாங் என்ற பெயரை வைத்தார்கள். அலைக்கு மூன்றடி இருக்கையில் கட்டடம் நின்றது. கோர்க்கோய் தூணைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு கடையைத் திறந்தாள்.

பெயர் வைத்தால் மகனுக்குள்ள கடமையும் கூடவே வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. அடுத்த வருடம் நீ அயித்தேயை அடக்கம் செய்த சனிக்கிழமை, கடை இருந்த இடத்தில் வெறும் மணல்தான் கிடந்தது. லாம்ப்டே வீட்டு வாசலில், அண்ணன்மார் மூவருக்கும் பின்னால், சன்னல்களையெல்லாம் சாத்திக்கொண்டு ஆனாங் நின்றான். துணி கேட்டு அங்கேயே வந்துவிட்டவர்களைக் கோர்க்கோய் கையமர்த்தினாள்.

"பிள்ள துக்கத்துல இருக்கான். திங்கக்கிழமை வாங்க."