சுவரோரக் கட்டில்

“நேத்து மட்டும் ஒம்போது பேரு அமுக்கிட்டுப் போயிருக்காய்ங்க. என் வயிறு என்ன காளவாசல் சிக்னலா, வாரவன் போறவனெல்லாம் நின்னுட்டுப் போறதுக்கு?”

“ஒரே தடவைதாண்ணே. நாளைக்குப் பரீட்சை.”

“அவிங்களுக்கும் நாளைக்குத்தான் பரீட்சை.”

சொல்லிவிட்டு வீரணன் சிரித்தார். மினிவேன் ஓட்டுகிறவர். காய்ச்சலென்று வந்து பதினொரு நாளாக அந்த ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தார். அவருடைய மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே நான்கு விரல் இறங்கியிருந்தது. கைக்குத் தட்டுப்படுகிற மண்ணீரல் அப்போது வார்டில் அது ஒன்றுதான். மதியம் அவர் வீட்டுக்குப் போகிறார். மனைவி செல்லக்கிளி டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கக் கீழே போயிருந்தாள்.

கட்டிலருகே கெஞ்சிக்கொண்டு நின்ற முத்துமீனா மருத்துவக் கல்லூரியில் கடைசி வருட மாணவி. நோயாளிகளைத் தொட்டுப் படிக்க வேண்டிய வருடங்களில் எல்லா வார்டும் கொரோனா வார்டாகிவிட, மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திருவாதவூரில் அவளுக்கு ஃபோன்தான் வகுப்பு. பேராசிரியர் விரல்களை வைக்கும் விதத்தைச் சொல்லிக்கொண்டே வருவார். பாதியில் சிக்னல் போய்விடும். சாயங்காலம் வயலிலிருந்து வரும் அப்பா சின்னானைக் கட்டிலில் படுக்கவைத்து அவர் வயிற்றில் பழகுவாள். மூச்சை இழுக்கச் சொன்னால் அவர் தூங்கிப்போவார். அவருக்கு ஒரு நோயும் இல்லை. நல்ல மண்ணீரல் விலாவுக்குள்ளேயே இருக்கும், கையில் படாது. ஆளில்லாத வீட்டின் கதவையே இரண்டு வருடம் தட்டிப் பழகியதுபோல் ஆகிவிட்டது.

வீரணன் சட்டையை விலக்கிப் படுத்தார். அவள் கட்டிலைச் சுற்றிப் போய் நின்றாள்.

“ஏத்தா, அங்கிட்டு எங்க போற? எனக்கு வலது பக்கமில்ல நிக்கணும். நேத்து ஒருத்தன் அங்கிட்டு நின்னதுக்கே பெரிய டாக்டர் வெளிய போடான்னுட்டாரு.”

அவள் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

“எங்க வீட்டுல கட்டிலு சுவரோரமாக் கெடக்குண்ணே. வலது பக்கம் சுவரு.”

“இழுத்துப் போட வேண்டியதுதான?”

“இழுத்தா கதவு தொறக்காது.”

வண்டி திருப்ப இடமில்லாத சந்து ஒன்றைப் பற்றி யோசிப்பவர் மாதிரி வீரணன் யோசித்தார். “அதுவும் சரித்தான்.”

அவள் வலது பக்கம் வந்து, அப்பாவுக்கு வைப்பதுபோலவே இடது விலாவை ஒட்டிக் கையை வைத்தாள். அவர் மூச்சை இழுத்தார். விரலில் மண்ணீரலின் விளிம்பு வந்து இடிக்கவில்லை.

“இருக்கா?”

“இல்லண்ணே.”

“ஒம்போது பேருக்கு இருந்துச்சு. ஒனக்கு மட்டும் டீ குடிக்கப் போயிருச்சோ?”

செல்லக்கிளி சீட்டோடும் பையோடும் வந்துவிட்டாள். “சட்டையப் போடுங்க. ஆட்டோ நிக்கிது.”

வீரணன் எழுந்து உட்கார்ந்து பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போடத் தொடங்கினார். முத்துமீனா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிவயிற்றிலிருந்து மேலே வரணும் என்று பேராசிரியர் சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது. அப்பாவுக்கு அது தேவைப்பட்டதே இல்லை; நேராக விலாவுக்கே போய்விடுவாள். இங்கே அவள் கை வீக்கத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. விளிம்பு நான்கு விரல் கீழே கிடந்திருக்கிறது.

மேல் பொத்தானுக்கு வந்துவிட்டார். செல்லக்கிளி செருப்பைக் காலடியில் தள்ளிவைத்தாள்.

“அண்ணே,” என்றாள் முத்துமீனா. “இன்னும் ஒரே ஒருக்கா படுக்குறீங்களா? இப்பக் கீழ இருந்து வாரேன்.”