சோட்டுவின் உச்சந்தலை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் சுண்ணாம்புப் பிரிவுக்கு நிசார் அஹமதுதான் மேஸ்திரி. மயிரைக் கழற்றும் சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தொட்டியில் ஊறிய தோலை வெளியே இழுத்துப்போட்டு, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளுவார். மயிர் வழுக்கிக்கொண்டு வந்தால் தோல் தயார். மயிர் விஷயத்தில் அவர் சொன்னால் முதலாளிகூட மறுபேச்சு பேசமாட்டார். அந்தக் கர்வம்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

வீட்டில் ஒரு சுகர் கிளைடர் இருந்தது. கைக்குள் அடங்கும் உடம்பு, அணில் முகம், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே விரிகிற தோல். மகள் ஹுமேரா சென்னையில் படித்தபோது ஆசைப்பட்டு வாங்கி, சோட்டு என்று பேர் வைத்தது. கல்யாணமாகி பெங்களூர் போகும்போது, “ஒரு மாசம் பாத்துக்கோங்கப்பா” என்றாள். அந்த ஒரு மாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

சோட்டு பகலெல்லாம் துணிப்பையில் சுருண்டு தூங்கும். இருட்டினால் எழுந்து நாய்க்குட்டி மாதிரி குரைக்கும். பழம் கொடுத்தால் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைச் சுவரில் துப்பும். திரைச்சீலையிலிருந்து பீரோவுக்குப் பறக்கும். போகிற வழியெல்லாம் மூத்திரம்.

“வூடே நாறுது” என்று ஆரம்பத்தில் எரிந்து விழுந்தார் நிசார்.

“டேனரிலருந்து வர்றவரு நாத்தத்தப் பத்திப் பேசறாரு பாரு” என்றாள் மனைவி நசீமுன்னிசா.

ஆனால் அந்தக் குட்டிச் சனியன் பிடித்துக்கொண்டது அவரைத்தான். வேலை முடிந்து வந்ததும் தோளில் வந்து விழும். சட்டைப் பாக்கெட்டுக்குள் இறங்கித் தலையை மட்டும் நீட்டும். அதை வைத்துக்கொண்டு டீ குடிப்பதுதான் அவருக்கு நாளிலேயே நல்ல நேரம். தனக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

ஒரு சாயங்காலம் அதன் உச்சந்தலையில் மயிர் இல்லாத ஓர் இடத்தைப் பார்த்தார். மிளகளவு வழுக்கை, கொஞ்சம் பிசுபிசுப்பு. தினமும் அது உட்காருவது தன் வேலைச் சட்டையில். வேறென்ன காரணம் வேண்டும்?

“டாக்டராண்ட காட்லாங்க” என்றாள் நசீமுன்னிசா.

“மாட்டு டாக்டருக்கு இதப் பத்தி இன்னா தெரியும்? மயிர் எதனால கொட்டுதுன்னு எனக்கா தெரியாது? சல்பைடுதான். என் ஒடம்பு பூரா அதான்.”

அன்றிலிருந்து அவர் அதைத் தொடவில்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது கூப்பிடும். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நசீமுன்னிசா கையை நீட்டினால் கடித்தது. தீனி குறைந்தது. வழுக்கையோ பெரிதாகிக்கொண்டே போனது. இந்த வீட்டுக் காற்றே அதற்கு ஆகாது என்று முடிவு கட்டினார். ஹுமேராவின் தோழி ரெனிட்டா வேலூரில் நர்ஸ். அவள் இதே போல இரண்டு வளர்க்கிறாள். அவளிடமே கொடுத்துவிடலாம் என்றார். நசீமுன்னிசா சண்டை போட்டுப் பார்த்தாள், பிறகு அழுதாள். அவர் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வேலூர் பஸ் ஏறினார். ரெனிட்டாவின் வீட்டில் உட்காரக்கூட இல்லை.

“நீயே வச்சுக்கம்மா. எங்கூட இருந்தா செத்துடும். தலைல பாரு, முடிய சல்பைடு தின்னுட்ருக்கு.”

ரெனிட்டா சோட்டுவை எடுத்துத் தலையைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். உள்ளே போய்த் தன்னுடைய ஆண் கிளைடரைக் கொண்டுவந்து காட்டினாள். அதன் உச்சந்தலையிலும் அதே வழுக்கை, இன்னும் பெரிதாக.

“அங்கிள், உங்க சோட்டு பெரிய பையனாய்ட்டான், அவ்ளோதான். ஆம்பளைங்களுக்கு அங்க வாசன சுரக்கும், முடி இருக்காது. தனக்கு வேண்டியவங்க மேல அதைத் தேய்க்கும். உங்க கழுத்துல தேய்ச்சிருப்பானே?”

தேய்த்திருக்கிறது, எத்தனையோ தடவை. நிசார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் முணுமுணுத்தது. சந்தேகம் தீராமல் ரெனிட்டாவின் கிளைடர் தலையைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தார். சுற்றியிருந்த மயிர் அசையவே இல்லை. இத்தனை வருஷத்தில் தன் கணக்கு தப்பியதற்காக அவர் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ரெனிட்டா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். “ஆனா ரொம்ப எளச்சிட்டான் அங்கிள். வால் முடிய அவனே கடிச்சுப் பிச்சு வச்சிருக்கான். யாரும் தூக்கறதில்லியா?”

“நான்தாம்மா தொடல. அதுக்கு நல்லதுன்னு.”

“தனியா வுட்டா இதுங்க ஏங்கியே போய்டும். கூட ஒரு ஜோடி பாத்து வைங்க. அதுவரைக்கும் நீங்கதான்.”

அவருக்குச் சுருக்கென்றது. சுண்ணாம்பு செய்யாத கெடுதலைத் தன் பாசம் செய்திருக்கிறது. கையை நீட்டினார். சோட்டு கோபத்தில் கரகரவென்று கத்தி, விரலை ஒரு கடி கடித்து, அப்புறம் கை வழியாக ஏறிப் பாக்கெட்டுக்குள் புகுந்துகொண்டது. அவர் காலிக் கூண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வெளியே வந்ததும் செல்போன் அடித்தது. நசீமுன்னிசா.

“வுட்டுட்டீங்களா? அழுதுச்சா?”

“இல்ல, நான்தான் அழுதேன்” என்றார் நிசார். “கதவத் தொறந்து வை. ரெண்டு பேரும் வர்றோம்.”