கெர்ரி சம்பளம் கேட்ட கதை

பர்ன்லி என்ற ஆங்கிலேய ஊரில் ஒருவரிடம் அவருடைய மூலநோயைப் பற்றிக்கூட விசாரிக்கலாம். உட்காரவைத்து, தேநீர் ஊற்றிக்கொடுத்து, விவரமாகவே சொல்வார்கள். சம்பளத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் எல்லோரும் ஜன்னலைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறதே என்பார்கள். அந்த ஊரில் மழை வரும்போல இல்லாத நாள் எது?

கெர்ரி ஆஷ்வர்த் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். பெர்னார்டின் கார்பெட் கடையில் பத்து வருஷமாகக் கணக்கெழுதுகிறாள். காலையில் அவருக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் வைப்பாள். "நல்லா இருக்கியா கண்ணு?" என்பார் அவர். "பரவாயில்ல" என்பாள் அவள். பத்து வருஷத்தில் அந்தப் பேச்சு ஒரு வார்த்தை கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

ஆனால் கெர்ரி நன்றாக இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் விடுமுறைக்கு ஜார்ஜியா என்ற மலைநாட்டுக்குப் போன இடத்தில் அவள் ஏறிய மினிபஸ் மலைப்பாதையில் நின்றுபோனது. பழுது பார்க்க வந்த லெவன் என்பவனையே அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணம் எளிதாக முடிந்தது. புருஷனை வீட்டுக்கு அழைத்து வருவதுதான் முடியவில்லை. வெளிநாட்டுத் துணையைக் குடியேற்ற வேண்டுமென்றால் இங்கே இருப்பவர் வருஷத்துக்கு இருபத்தொன்பதாயிரம் பவுண்டு சம்பாதிக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் விதி. அதையும் ஆறு மாதம் விடாமல் சம்பாதித்து, சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகக் காட்ட வேண்டும். பெர்னார்ட் கொடுத்த சம்பளத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் துண்டு விழுந்தது.

"உன் முதலாளிகிட்ட கேளேன்," என்றான் லெவன் போனில். "வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அதெல்லாம் கேக்க முடியாதுடா. உனக்குப் புரியாது."

"கடன் கேக்கறியா? வேலை செய்யறதுக்குக் கூலி கேக்கற. இதுல என்ன வெக்கம்?"

"கடையே தள்ளாடுது. பிப்ரவரில இருந்து சனிக்கிழமை கடையைத் திறக்கறதே இல்ல அவரு. அவர்கிட்ட போய் நான் எப்படிக் கேப்பேன்?"

கேட்பதைவிட உழைப்பது அவளுக்கு எளிதாக இருந்தது. ஏப்ரலில் கால்வாய்க்கரை பப் ஒன்றின் சமையல்கட்டில் சனி, ஞாயிறு வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஊர் முழுக்க வறுத்த மாட்டிறைச்சி தின்ன அங்கே வந்துவிடும். கிரேவி உறைந்த தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்து அவள் கை தோல் உரிந்தது. பெர்னார்டுக்கு இது தெரியக் கூடாதென்று திங்கட்கிழமைகளில் கையுறையோடு கடைக்குப் போனாள். "குளிரா கண்ணு?" என்று கேட்டார் அவர், ஜூன் மாதத்தில். "லேசா" என்றாள்.

இரண்டு சம்பளமும் சேர்ந்து இருபத்தொன்பதாயிரத்தைத் தாண்டியது. செப்டம்பர் முடிந்தால் ஆறு மாதம். உடனே விண்ணப்பித்தால், அதிர்ஷ்டமும் இருந்தால், கிறிஸ்துமஸுக்கு லெவன் வந்துவிடுவான். அவனுக்கென்று அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்தாள். அவளுக்கு அந்த ஒன்றுதான் வேண்டியிருந்தது. மற்ற பெண்கள் அலுத்துக்கொள்கிறார்களே, சோபாவில் கால் நீட்டிக் குறட்டை விடும் புருஷன், அது.

செப்டம்பர் முதல் வாரம் பப் இழுத்து மூடப்பட்டது. மின்சாரக் கட்டணம் கட்டி மாளவில்லை என்று கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு உரிமையாளர் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கெர்ரி அந்தத் தாளின் முன்னால் மழையில் நின்று அழுதாள். இல்லாத வேலையின் சம்பளம் எந்தக் கணக்கிலும் சேராது. இனி ஒரே வழி கண்ணாடி அறைதான்.

திங்கட்கிழமை தேநீரோடு உள்ளே போனாள்.

"நல்லா இருக்கியா கண்ணு?"

"பரவாயில்ல." அவள் நகரவில்லை. "பின்கட்டுல கூரை ஒழுகுது பெர்னார்ட்."

"பாக்கறேன்."

வெளியே வந்து தன்னையே திட்டிக்கொண்டாள். பதினோரு மணிக்கு பிஸ்கட்டோடு மறுபடி போனாள். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெண்டி முன்னைப்போல இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். மத்தியானம் மூன்றாம் தடவையாகக் கதவைத் தட்டியபோது பெர்னார்ட் பேனாவைக் கீழே வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"சொல்லிடு கண்ணு. வேலையை விட்டுப் போகப்போற. அதானே?"

"நானா? இல்லயே!"

"காலையில இருந்து வந்து வந்து நிக்கற. எங்க வீட்டுக்காரி ஐரீன் அப்பவே சொன்னா, அந்தப் பொண்ணு ஒருநாள் புருஷனோட ஊருக்கே போயிடுவான்னு."

கெர்ரி கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கழுத்திலிருந்து காதுவரை சூடு ஏறியது. "எனக்குச் சம்பளம் பத்தல," என்றாள். சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பிறகு அடைப்பு விட்ட குழாய்போல எல்லாம் வந்தது. விதி, துண்டு விழும் தொகை, பப், தட்டுகள், கையுறை. சொல்லி முடித்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க" என்றாள்.

பெர்னார்ட் ஜன்னலைப் பார்த்தார். மழை வரும்போல இருக்கிறதே என்று சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் சொல்லவில்லை.

"அவ்ளோதானா?" என்றார்.

"அவ்ளோதான்."

"உன் வீட்டுக்காரர் அங்கயே இருக்கறதுதான் உங்க ரெண்டு பேருக்கும் தோதுன்னு நாங்க நெனச்சோம். அடுத்தவங்க குடும்ப விஷயம், கேக்கக் கூடாதுன்னு விட்டுட்டோம். நீ பப்ல வேலை பாக்கறதும் எனக்குத் தெரியும். ஐரீனோட தங்கச்சி பாத்துட்டு வந்து சொன்னா. அது உனக்குப் பொழுதுபோக்குன்னு நெனச்சேன்."

"தட்டு கழுவறதா?"

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு பிடிக்குமில்ல."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஐரீனுக்கு இடுப்பெலும்பு மாத்தினதுல இருந்து சனிக்கிழமை நான் வீட்ல இருந்தாகணும். அதான் கடையைப் பூட்டறேன். கார்பெட் கடைக்காரன் சனிக்கிழமை பூட்டறது பேக்கரிக்காரன் காலையில பூட்டற மாதிரி. எவ்ளோ வியாபாரம் போச்சு தெரியுமா? நீ வந்து பாத்துக்கறியான்னு ஏப்ரல் மாசமே கேக்கலாம்னு இருந்தேன். உனக்கு இப்ப வேண்டிய தொகையைவிட அதிகமாவே குடுத்திருப்பேன்."

"ஏன் கேக்கல?"

"வாரம் முழுக்க உழைக்கற பொண்ணு. சனிக்கிழமையும் வான்னு கேட்டா நல்லாருக்குமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடை நொடித்துப்போகிறது என்று நினைத்து அவள் கேட்கவில்லை. அவளைச் சிரமப்படுத்தக் கூடாதென்று அவர் கேட்கவில்லை. அவர் பூட்டிவைத்த சனிக்கிழமைகளில்தான் அவள் கால்வாய்க்கரையில் தட்டுத் தேய்த்தாள். எத்தனை மரியாதையான மனிதர்கள்! இவர்களைக் கட்டிப்பிடித்துக்கொள்வதா, தலையில் நறுக்கென்று குட்டுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

"வர்ற மாசத்துல இருந்தே ஏத்திடறேன். சனிக்கிழமைக்குத் தனி," என்றார் பெர்னார்ட். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப என்ன?"

"ஆறு மாசத்துல எந்த மாசம் கம்மியோ அதைத்தான் பாப்பாங்க. அக்டோபர்ல இருந்து மறுபடி முதல்ல இருந்து எண்ணணும்."

"ஏப்ரல்லயே ஏத்தினதா எழுதிக் குடுத்துடட்டா?"

"பேங்க்ல பணம் வந்திருக்கணும் பெர்னார்ட். ஒரு பொய் சொன்னா அவனை எப்பவுமே உள்ள விடமாட்டாங்க."

அவர் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார். "ஏப்ரல்லயே கேட்டிருக்கலாம் கண்ணு," என்றார் மெதுவாக. "நானும்தான்."

சாயங்காலம் கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று லெவனைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சிரிப்பான், நான் அப்பவே சொன்னேனே என்று குதிப்பான் என்று எதிர்பார்த்தாள். பின்னணியில் ஏதோ எஞ்சின் உறுமி அடங்கியது.

"லெவன்? நல்லா இருக்கியா?"

"பரவாயில்ல," என்றான் அவன்.

கால்விரலை இடித்துக்கொண்டால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிற மனிதன் அவன். இந்த வார்த்தையை அவன் யாரிடம் கற்றுக்கொண்டான் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"அந்தப் பேச்சு வேணாம். நெஜத்தைச் சொல்லு."

"நல்லா இல்ல கெர்ரி." மூச்சை இழுத்து விட்டான். "அலுத்துப்போச்சு. 'உன் பொண்டாட்டி நெஜமாவே இருக்காளா, இல்ல போன்ல மட்டும்தானா'ன்னு பட்டறையில கேக்கறானுங்க. நானும் சிரிச்சு வெக்கறேன். ஒவ்வொரு தடவையும் இத்தனை மாசம், இத்தனை மாசம்னு நீ சொல்ற. காத்திருப்பியான்னு ஒரு தடவைகூட கேட்டதில்ல. நீயா முடிவு பண்ணிக்கற."

அது உண்மை. மாட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்ற பயத்திலேயே அவள் கேட்காமல் இருந்தாள். ஒரே நாளில் இரண்டாம் தடவையாகக் கழுத்திலிருந்து சூடு ஏறியது.

"காத்திருப்பியா?" என்றாள்.

மறுமுனையில் ஏதோ ஒரு கருவியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"காத்திருக்கேன்," என்றான் கடைசியில். "ஆனா கிறிஸ்துமஸுக்குத்தான் நான் அங்க வர முடியாதே, நீ இங்க வரணும். ரெண்டு வாரம். சம்பளத்தோட லீவு கேளு. சம்பளத்தைப் பிடிச்சா மறுபடி முதல்ல இருந்து எண்ணணும்!"

"கிறிஸ்துமஸ் சமயத்துலயா? எல்லாரும் கார்பெட் மாத்தற நேரம்டா. இன்னிக்குத்தான் சம்பளம் கேட்டிருக்கேன். அதே நாள்ல போய் லீவும் கேட்டா நல்லா..."

அவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். எதிரே பெர்னார்ட் கடையின் பின்பக்க இரும்புக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுத் தன் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். மழை தூற ஆரம்பித்திருந்தது.

"போனை வெக்காத, லைன்லயே இரு," என்று லெவனிடம் சொல்லிவிட்டு, தெருவில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கெர்ரி கத்தினாள்.

"பெர்னார்ட்! நில்லுங்க! எனக்கு இன்னொன்னும் வேணும்!"