யார் ஒதுங்குவது?

அது ஏழாவது கூட்டம். வளைகுடா நாட்டில், ஜெபல் அலி அலுவலகத்தின் குளிரூட்டிய அறையில் அதே நான்கு பேர், அதே தட்டில் அதே சமோசா. பாதுகாப்பு அதிகாரி நுஃமான் ஆறு முறை சொன்னதை ஏழாவது முறையாகச் சொல்லி முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. கடலுக்குள் ஒரு தீவில் எண்ணெய் வேலை. ஆட்களைக் கொண்டுபோய் விட, கொண்டுவர, கம்பெனிக்கு இரண்டு சின்ன விமானங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி இருக்கிறது. ‘நான் இங்கே இருக்கிறேன், இந்த உயரத்தில் பறக்கிறேன்’ என்று அது ஓயாமல் கத்தும். அந்தக் கத்தலைக் காதில் வாங்கி, ‘எதிரே ஒருத்தன் வருகிறான், ஒதுங்கு’ என்று விமானிக்குச் சொல்ல இன்னொரு பெட்டி வேண்டும். அதுதான் இல்லை. பத்தொன்பது இருக்கைக்கு மேல் போனால்தான் அது கட்டாயமாம். கம்பெனி விமானங்களில் சரியாகப் பத்தொன்பது இருக்கைகள். இருபதாவது ஆளிலிருந்துதான் உயிர் கணக்கில் வரும்போல!

“ஆகாசம் என்ன ஷேக் சாயித் ரோடாங்க, டிராபிக் ஜாம் ஆகறதுக்கு?” என்றார் எம்.டி. விஜயபாஸ்கர். கோயமுத்தூர்க்காரர், மரியாதைக்குக் குறைவில்லை. “பைலட்டுக்குக் கண்ணு இருக்குதில்லீங்க?”

“தூசிக்காத்து அடிச்சா கண்ணு என்ன சார் செய்யும்? ஷிப்ட் மாறுற நேரத்துல ஒண்ணு போகுது, ஒண்ணு வருது. நம்ம வேன் எல்லாத்துலயும் டிராக்கர் வச்சிருக்கோம். டிரைவர் பத்து நிமிசம் டீ குடிக்க நின்னா உங்க போன்ல மணி அடிக்குது. விமானத்துக்கு…” என்று ஆரம்பித்தான் நுஃமான்.

“வேன் டிரைவர் டீ குடிப்பான். பைலட் நடுவானத்துல எங்க நின்னு டீ குடிக்கப் போறார்?” என்றார் ஆபரேஷன்ஸ் மேனேஜர் சேதுமாதவன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்தைத் தீவிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. முடிவென்று ஆனது அது ஒன்றுதான்.

நுஃமானுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் தங்கை ஹிஃப்ஸாவின் கணவன் ஜைத் அந்தத் தீவில்தான் எலக்ட்ரீஷியன். ஊரில் சும்மா இருந்தவனை விசா எடுத்துக் கூட்டிவந்து அந்த விமானத்தில் ஏற்றிவிட்டதே நுஃமான்தான். போன வியாழக்கிழமை ஜைத் போனில் சிரித்துக்கொண்டே சொன்னான்: “மச்சான், இன்னிக்கு எதுத்தாப்புல வந்த பிளைட்டு ஒட்டிக்கிட்டுப் போச்சு. ஜன்னலோரம் ஒருத்தன் வாழைப்பழம் உரிச்சுக்கிட்டிருந்தான், அது வரைக்கும் தெரிஞ்சுது!”

அல்லாவே, வாழைப்பழம்! ஹிஃப்ஸாவுக்கு அப்போது ஏழாம் மாதம். அன்றிலிருந்து நுஃமானுக்குச் சோறு இறங்கவில்லை.

இதையும் அவன் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தான். “மோதலையே?” என்று கேட்டார் சேதுமாதவன். இல்லை என்றான். “அப்புறம் என்னய்யா?” என்று அடுத்த சமோசாவை எடுத்துக்கொண்டார். அந்த ஆளைத் தட்டோடு சேர்த்து ஜன்னல் வழியே எறியலாமா என்று இருந்தது நுஃமானுக்கு.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எழுதி வைத்ததில்லை, ஆனால் புதிதாக வரும் டிரைவருக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். பாலைவனத்தில் இருக்கும் இன்னொரு சைட்டுக்குப் போகும் ஒற்றை ரோட்டில் எம்.டி.யின் வெள்ளை லேண்ட் குரூசர் தெரிந்தால், வேனோ லாரியோ, மணலில் இறங்கி நின்றுவிட வேண்டும். ஒருமுறை தண்ணீர் லாரி ஒன்று மணலில் இறங்கி, புதைந்து, இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. ஆனாலும் எம்.டி.யின் வண்டி ரோட்டைவிட்டு ஓர் அங்குலம் விலகியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் அந்த மாதம் தனக்கென்று ஒரு விமானம் வாங்கினார். எட்டே இருக்கை, எல்லாம் தோல். பழைய முதலாளி யாரோ உயிர்மேல் ஆசை உள்ளவர். ஒதுங்கச் சொல்லும் பெட்டி அதில் ஏற்கெனவே இருந்தது. விஜயபாஸ்கருக்கு அது தெரியாது. குளிர்பெட்டி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்து வாங்கினார்.

எட்டாவது கூட்டத்துக்கு எல்லோரும் அதில்தான் புறப்பட்டார்கள். வெள்ளைச் சட்டையில் எம்.டி., கையில் கடக் டீ. பாதிக் கடல் தாண்டியிருக்கும். முன்னாலிருந்து ஓர் இயந்திரக் குரல், “கிளைம்ப்! கிளைம்ப்!” என்று அதட்டியது. விமானி கேள்வி கேட்கவில்லை. விமானம் விருட்டென்று மேலே ஏறியது. நுஃமானின் வயிறு கீழேயே தங்கிவிட்டது. டீ முழுவதும் வெள்ளைச் சட்டையில். சேதுமாதவன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிட்டார்.

ஜன்னலுக்குக் கீழே, பழுப்புத் தூசிக்குள் கம்பெனியின் சின்ன விமானம் ஒன்று தன்பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அசையவில்லை, வளையவில்லை.

“யாருங்க அது?” என்றார் விஜயபாஸ்கர். குரலில் பயம் போகவில்லை.

“நம்ம லேபர் பிளைட் சார்,” என்றான் நுஃமான்.

“லேபர் பிளைட்டா? அவன் நேராப் போறான், நாம ஒதுங்கறமா?” பயம் போய்விட்டது. முகம் சிவந்துவிட்டது.

பத்தொன்பது குடும்பம், பிள்ளைகுட்டி என்று நுஃமான் எட்டாவது முறை சொல்ல வைத்திருந்தது தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

“அவன் ஒதுங்க மாட்டான் சார். நாம வர்றது அவனுக்குத் தெரியவே தெரியாது. பெட்டி நம்மகிட்டதானே இருக்கு? அதனால எப்பவுமே நாமதான் ஒதுங்கணும்.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே சார். அதுலயும் பெட்டி வச்சா அவனும் ஒதுங்குவான். நாம மேல ஏறுனா அவன் கீழ இறங்குவான்.”

யார் ஏறுவது, யார் இறங்குவது என்பதைப் பெட்டிகள் இரண்டும் தமக்குள் பேசிச் சில நேரம் மாற்றியும் வைத்துக்கொள்ளும். அதை நுஃமான் சொல்லவில்லை. எம்.டி. கேட்கவும் இல்லையே!

“ரெண்டுலயும் வைங்க. இந்த மாசமே. அவ்வளவுதான், கலாஸ்,” என்றார் விஜயபாஸ்கர், சட்டையைத் துடைத்துக்கொண்டே. ஏழு கூட்டம் பேசியும் ஆகாத காரியம், ஒரு கப் டீயில் முடிந்தது.

பெட்டிகள் வந்தன. வாசலில் ‘தொழிலாளர் உயிரே எங்கள் உயிர்’ என்று பேனரும் வந்தது. ஹிஃப்ஸாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பத்து நாள் கழித்து ஜைத் போன் செய்தான், ஏகக் கோபம்.

“என்ன எழவுப் பெட்டி மச்சான் அது? நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தேன். ஒரே தூசி. திடீர்னு தூக்கி அடிச்சுது. மேல இடிச்சு நெத்தி வீங்கிப்போச்சு!”

“வீங்கட்டும் மச்சான், வீங்கட்டும்,” என்றான் நுஃமான். அழுதுவிட்டான்.

அறிக்கையை எம்.டி.யிடம் அவனே கொண்டுபோய் வைத்தான். இரண்டு லேபர் விமானங்கள், தூசி, ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது, முப்பத்தெட்டுப் பேரும் நலம். விஜயபாஸ்கர் இரண்டு முறை படித்தார். புருவம் சுருங்கியது.

“அன்னிக்கு நான் பறக்கவே இல்லீங்களே. அப்புறம் யாருக்காக ஒதுங்குனாங்க?”

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

“ஜைத்துக்காக சார்,” என்றான் நுஃமான்.

“எந்த ஷேக் ஜைத்?” என்று பதறி நாற்காலியில் நிமிர்ந்தார் எம்.டி.

“எலக்ட்ரீஷியன் சார். என் தங்கச்சி மாப்பிள்ளை.”

“ஓ,” என்று சொல்லிச் சாய்ந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.