அக்காவின் வார்டனுக்கு மீசை வைக்கலாமா?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கருணையில் பிறக்கவில்லை. கல்லூரி மலருக்குச் சிரிப்புக் கதை கேட்டார்கள். எதிரே அக்கா தட்டுக்குள் ஓர் உருளைக்கிழங்கை வாக்கிங் கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். நோட்டை எடுத்தேன்.

(அக்கா பல் டாக்டருக்குப் படிக்கிறாள். அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்வதுதான் படிப்பே.)

2

தொடக்கம்: ‘கொடிபோல மெலிந்த அவள்—’

அக்கா நோட்டைப் பிடுங்கினாள். “இந்த வரியை அடிச்சிடு. மெலிஞ்சிருக்கேன்னு சொன்னா என் மண்டைக்குள்ள இருக்கிறவ பாராட்டுன்னு எடுத்துக்குவா.”

“எவ?”

“வார்டன். ஒரு வாய் சாப்பிட்டா ‘தோத்துட்டியா’ம்பா. சாப்பிடலன்னா ‘இது பத்தாது’ம்பா. எனக்குப் பசிக்குதுடா. பசியை ஜெயிச்சாதான் நான் ஆளாம்.”

நல்ல வில்லி கிடைத்த சந்தோஷம் எனக்கு. “மீசை வைக்கலாமா?”

“வை. ஆனா குரல் என்னோடதுதான்.”

(இந்த இடத்தில் ஒரு ஜோக் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

3

முடிவு அ: அம்மா கதறி அழ, அக்கா மனம் மாறித் தட்டைக் காலி செய்கிறாள்.

“அம்மா ஆறு மாசமா அழறாங்க. காலியானது டிஷ்யூ டப்பாதான்” என்றாள்.

முடிவு ஆ: வியாழக்கிழமை அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், பரீட்சை போகிறது. இது என் கற்பனை இல்லை. சாப்பாடு இப்படியே போனால் அதுதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆகவே இன்றைய மதியச் சாப்பாடு மிகவும்—

(எழுத வரவில்லை. அடுத்து.)

4

மேஜையில் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்பதும் டாக்டர் உத்தரவு. எங்கள் குடும்பத்துக்கோ வேறு பேச்சே தெரியாது. இருந்த விஷயமெல்லாம் தீர்ந்து, அப்பா இப்போது வாஷிங் மெஷின் கையேட்டை* வாசித்துக்கொண்டிருக்கிறார்.

*முன்னுரையிலிருந்து.

அக்கா முள்கரண்டியைத் தூக்கினாள். பாதி வழியில் நிறுத்தினாள்.

“வார்டன் கத்தறாளா?” என்றேன்.

“காது கிழியுது. அப்பா, நீங்க இன்னும் சத்தமா வாசிங்க.”

தண்ணீர்க் குழாயை மாட்டும் முறையை அப்பா வீடு அதிர முழங்கினார். எச்சரிக்கைப் பகுதிக்கு அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரண்டி மட்டும் அந்தரத்தில்.

அப்பாவுக்குத் தொண்டை கட்டியது. “டேய் எழுத்தாளா, அடுத்த பக்கம் உன்னோடது.”

எழுதிக்கொண்டே கத்த முடியாது, பேனாவை வைக்கிறேன். முடிவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை, பார்க்காதீர்கள். என்னோடு சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். பக்கம் இருபத்து மூன்று: ‘கம்பளித் துணிகளைத் தனியாக—