கப்பலை அனுப்பிவைத்தவர்

கடைசிக் கயிற்றை அவிழ்ப்பதற்குள் வந்து சேர்ந்துவிட வேண்டுமென்று ஒரு ஜோடி துறைமேடையில் ஓடி வந்துகொண்டிருந்தது. அவன் கையில் செருப்பும் நனைந்த துண்டும். அவள் பாவாடையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி, சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகத்தோடு வந்தாள். கப்பலின் மேல்தளத்தில் கம்பியைப் பிடித்து நின்ற கூட்டம் கைதட்டி ஆரவாரம் செய்தது. இருவரும் ஏணிப்படியில் கால் வைத்ததும் ஆரவாரம் இரட்டிப்பானது. படியை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

தீவுக்குத் தீவு இது ஒரு வேடிக்கை. கப்பல் கிளம்பும் நேரத்தில் பயணிகள் மேலே கூடி, பிந்தி ஓடிவருபவர்களைக் கேலி செய்வார்கள். குடும்பத்தோடு வந்திருந்த அண்ணன் தம்பி இருவரில் மூத்தவனுக்கு முதல் தீவில் அது பிடிக்கவில்லை. பாவம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்களே என்று நினைத்தான். இரண்டாவது தீவில் அவனும் விசில் அடித்தான். இந்த மூன்றாவது தீவில் சீக்கிரமே மேலே வந்து, மேடை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டான். மழை கொட்டி ஓய்ந்திருந்தது. கடல் காய்ச்சி ஆறவைத்த பால் மாதிரி வெதுவெதுப்பாக இருந்ததை, மதியம் குளித்த உடம்பு மறக்கவில்லை. குளியலறைக் குழாய் விற்கும் கடையில் நாள் முழுக்க நின்றே பழகிய கால்கள் முதல்முறையாக வலிக்காமல் இருந்தன.

கப்பலுக்கும் மேடைக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது. அது ஒரு ஆள் உயரமாக அகன்றபோதுதான் கிடங்குகளின் பின்னாலிருந்து ஒரு கிழவர் வந்தார். தலையில் அகலமான ஓலைத் தொப்பி. அவர் ஓடவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, தனக்கும் இந்தக் கப்பலுக்கும் சம்பந்தமில்லாதவர் போல நடந்து வந்தார். கூட்டத்துக்கு இது புதிதாக இருந்தது. ஒரே சிரிப்பு. யாரோ தாளம் போட்டுக் கைதட்ட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

மூத்தவன் வாயருகே கைகளைக் குவித்தான்.

"தாத்தா! ஓடு தாத்தா, ஓடு! உன் பஸ்ஸு கிளம்பிடுச்சு!"

அவன் மொழி அங்கே யாருக்கும் புரியாது. அந்தத் தைரியத்தில்தான் கத்தினான். பக்கத்தில் நின்றவர்கள் குரலின் குறும்பைக் கேட்டே சிரித்தார்கள்.

கீழே கிழவர் நின்றார். அவ்வளவு இரைச்சலில் அந்த ஒரு குரல் மட்டும் புரிந்தவர் போலத் தொப்பியைக் கழற்றி, கண்ணுக்கு மேலே கை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

மூத்தவனின் வாய் திறந்தபடியே இருந்தது. அப்பா. காலையில் அவனே பொத்தான் போட்டுவிட்ட கோடுபோட்ட சட்டை. அவனே சீவிவிட்ட நரைத்த தலை. சுற்றிலும் கைதட்டல் நிற்கவில்லை.

"டேய்," என்றான். தம்பி இரண்டடி தள்ளி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "டேய், அப்பா எங்க?"

"உன்கூட தானே இருக்காரு? ரூம்ல தூங்குறாருன்னு நினைச்சேன்."

"மதியத்துக்கு மேல உன் முறைடா. மெசேஜ் போட்டேனே!"

"என்ன மெசேஜ்? எனக்கு ஒண்ணும் வரலையே."

மூத்தவன் போனைத் திறந்தான். 'அப்பா தொப்பிக் கடை வாசல்ல பெஞ்சுல உக்காந்திருக்காரு. நான் குளிக்கப் போறேன். இனி நீ பாத்துக்கோ.' அதன் ஓரத்தில் சின்னக் கடிகாரம் ஒன்று அப்படியே நின்றிருந்தது. செய்தி போகவே இல்லை.

முறை என்பது அந்த வீட்டின் ஏற்பாடு. அம்மா போனபின் அப்பா இரண்டு மாதம் பெரியவன் வீடு, இரண்டு மாதம் சின்னவன் வீடு. மறதி வந்தபிறகும் முறை மாறவில்லை, சட்டைகளை எண்ணிப் பெட்டியில் வைப்பதுதான் கூடுதல் வேலையானது. கப்பலில் மட்டும் அதை அரை நாளாகச் சுருக்கியிருந்தார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டுமே என்றுதான். இருவருமே அப்பாவை அடித்ததில்லை, திட்டியதில்லை, மருந்துக்குக் கணக்குப் பார்த்ததில்லை. ஊரே மெச்சுகிற பிள்ளைகள்.

"கார்டு?" என்றான் தம்பி திடீரென்று. "கார்டு வைக்கலைன்னா ஆள் வரலைன்னு கப்பல்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்களே."

மூத்தவனின் மனைவி ஏற்கெனவே கைப்பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பலில் ஏறும்போது வாசல் கருவியில் வைத்துக் காட்டும் கார்டு அது. மாமனார் எதையும் தொலைத்துவிடுவார் என்று அவர் கார்டை அவள்தான் வைத்திருந்தாள். ஊரில் பஸ் ஏறினாலும் குடும்பத்துக்கே அவள்தான் டிக்கெட் எடுப்பாள்.

"மூணையும் நான்தான் வச்சேன்," என்றாள். குரல் காற்றாக வந்தது. "மழை... எல்லாரும் முட்டித் தள்ளிட்டு ஓடுனாங்க. உங்களது, என்னது, மாமாவுது. மூணு தடவை மணி அடிச்சுது. வாசல்ல நின்னவரு போங்கன்னு கையைக் காட்டுனாரு. கார்டு என் கையில இருக்கு, அப்ப மாமா எப்படி உள்ள போயிருப்பாருன்னு... எனக்குத் தோணவே இல்லைங்க. கடவுளே, எனக்குத் தோணவே இல்லையே."

தம்பியின் ஐஸ்கிரீம் கையில் வழிந்துகொண்டிருந்தது. "ஆளுக்கு அரை நாளுன்னு பிரிச்சியே அண்ணா. நல்லா பிரிச்ச."

"நீ அவரைப் பாக்கணும்னு ஒரு தடவையாவது தேடுனியாடா?"

"இப்ப எதுக்குங்க சண்டை?" என்றாள் அவள். "தம்பி, கீழ ஓடுங்க. யார்கிட்டயாவது சொல்லுங்க. ஓடுங்க!"

தம்பி ஓடினான். வரவேற்பு மேசையிலிருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, அவர் கப்பலில்தான் இருக்கிறார் என்று புன்னகையோடு சொன்னாளாம். பிறகு அவன் முகத்தைப் பார்த்ததும் புன்னகை போய்விட்டது. வெள்ளைச் சீருடை அதிகாரி ஒருவரை அழைத்துக்கொண்டு அவன் மேலே திரும்பி வந்தபோது, தண்ணீர் ஒரு தெருவின் அகலத்துக்கு விரிந்திருந்தது.

அதிகாரி கருணையான மனிதர். ஆனாலும் உள்ளதைச் சொன்னார். கப்பலைத் திருப்ப முடியாது. துறைமுகத்து மாலுமி ஒருவர் இப்போது மேலே நின்று வழிகாட்டுகிறார். துறைமுகக் கால்வாயைத் தாண்டியதும் அவரை இறக்கிக்கொள்ளக் கரையிலிருந்து ஒரு சிறு படகு வரும். அதில் பெரியவரை ஏற்றி அனுப்பச் சொல்லிக் கரைக்குப் பேசுகிறேன். அவர் படகில் ஏறச் சம்மதிக்க வேண்டும், அலையில் கப்பல் பக்கமாக வந்து உள்ளே கால் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் தீவில்தான் தங்க வேண்டியிருக்கும்.

"அவருக்கு அங்க பேசுற பேச்சு புரியாது," என்றான் மூத்தவன், யாருக்கென்று இல்லாமல். "தூக்க மாத்திரை இல்லேன்னா எழுந்து நடக்க ஆரம்பிச்சுடுவாரு. பேரு கேட்டாகூட சில நேரம் சொல்ல மாட்டாரு." தம்பி அதை அதிகாரிக்குப் புரியும் மொழியில் சொன்னான். அதிகாரி கையிலிருந்த கருவியில் பேச ஆரம்பித்தார்.

கீழே அப்பா மறுபடி நடக்கத் தொடங்கியிருந்தார். கப்பல் நெடுகிலும் பார்வையை ஓட்டிக்கொண்டு, மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு. பின்னால் கட்டிய கைகள். அந்த நடையை மூத்தவனுக்குத் தெரியும். அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். கிளம்புகிற பஸ்ஸை ஒருமுறை சுற்றி வராமல் அனுப்ப மாட்டார். குழந்தைக்குத் தண்ணீர் வாங்கப் போன ஒரு பெண்ணுக்காக ஒரு பஸ்ஸையே நிறுத்திவைத்து, அத்தனை பயணிகளிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றதைச் சாப்பிடும்போது சிரித்துச் சிரித்துச் சொல்வார். "ஏறுன ஆளை விட்டுட்டுப் போனா அது பஸ்ஸா? வெறும் தகர டப்பா." மறதி எல்லாவற்றையும் தின்றபிறகும் அந்த ஒரு கதை மட்டும் மிஞ்சியிருந்தது. சென்ற வாரம்கூடச் சொன்னார். மூத்தவன் போனைப் பார்த்தபடியே தலையாட்டினான்.

மேடையின் முனையில் அப்பா நின்றார். கப்பல் பக்கம் திரும்பினார். தொப்பியை இடுக்கிக்கொண்டு வலது கையை உயரத் தூக்கி, முன்னால் இரண்டு முறை வீசினார்.

போகலாம். ரைட்.

மூத்தவன் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். அவர் ஏதும் புரியாமல் பழைய வேலையைச் செய்கிறாரா? எல்லாம் புரிந்து, பிள்ளைகள் நிம்மதியாகப் போகட்டும் என்று அனுப்பிவைக்கிறாரா? எது என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் தாங்க முடியாததாக இருந்தது.

"அந்தத் தொப்பி ஏது?" என்றாள் மனைவி மெதுவாக.

காலையில் அப்பா அந்தத் தொப்பிக் கடையில் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தார். மூத்தவன் அதைக் கழற்றித் திரும்ப வைத்தான். "எதுக்குப்பா? வீட்டுக்குப் போனதும் தூக்கித்தான் போடப்போறோம்." கடைக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள்தான் மேடையில் ஓடிவந்தாள். கனத்த உடம்பு, கையில் பிரித்த குடை. அவளைப் பார்த்தும் சிலர் கைதட்டினார்கள். அவள் கப்பலை நோக்கிப் போகவில்லை. நேரே அப்பாவிடம் போய் முழங்கையைப் பற்றி விளிம்பிலிருந்து இரண்டடி பின்னுக்கு இழுத்தாள். குடையை அவர் தலைக்கு மேலே பிடித்தாள். பிறகு அண்ணாந்து, கப்பலிலிருந்த அத்தனை பேரையும் பார்த்து ஒரு கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினாள். நிறுத்துங்கள் என்றுதான் இருக்க வேண்டும். வெயிலில் தனியாக உட்கார்ந்திருந்தவருக்குத் தொப்பி கொடுத்த கை அது. பெற்ற பிள்ளைக்கே அடையாளம் தெரியாதபடி அவரை மறைத்ததும் அந்தத் தொப்பிதான். ஆனாலும் அந்தக் கையை நினைத்து மூத்தவனின் மனைவி கண்களை மூடிக்கொண்டாள். அவள் உதடுகள் அசைந்தன. ஆண்டவனை அவள் அன்று கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கை அவரை விட்டுவிடக் கூடாது.

கப்பல் மெல்லத் திரும்பியது. கிடங்குகள் நடுவே வந்து மேடையை மறைத்தன. குடையின் சிவப்பு கடைசியாக ஒருமுறை தெரிந்து மறைந்தது. மேல்தளத்தில் பாட்டு போட்டார்கள். தம்பி வந்து அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஒட்டிப் பிசுபிசுத்த விரல்களால் அண்ணனின் தோளைப் பிடித்தான்.

கால்வாயைத் தாண்டியதும் அலை பெரிதானது. அதிகாரி கை நீட்டிக் காட்டினார். பின்னாலிருந்து ஒரு சிறு படகு, மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது. அதில் ஆரஞ்சு உடுப்பு மாட்டிய சிலர் குனிந்திருந்தார்கள். எத்தனை பேர், யார் யார் என்று தெரியவில்லை. அவர்களுக்கு நடுவே ஓலை நிறத்தில் வட்டமாக ஏதோ ஒன்று. அது ஒரு தலையில் இருக்கிறதா, வெறுமனே பலகைமேல் கிடக்கிறதா என்று அந்த உயரத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

"மாமாவா?" என்றாள் மனைவி. "என்னங்க, மாமாவா அது?"

இன்னொரு பிந்தி வந்த பயணி என்று நினைத்து, கம்பியோரம் யாரோ தாளம் போட்டுக் கைதட்ட ஆரம்பித்தார்கள். மூத்தவன் எழுந்தான். கிளம்பிவிட்ட பஸ்ஸை மறிப்பவனைப் போல, ஒரு காலைக் கம்பியில் வைத்து ஏறி, வலது கையை எட்டும் மட்டும் தூக்கி, இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான்.