கத்தரியைப் பார்க்க வந்தவர்கள்

அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: கல்வாழை, அவர் மனைவி செம்பருத்தி, செண்டுமல்லிச் சகோதரிகள் நால்வர், குரோட்டன்ஸ் ஒருவர். ஆக ஏழு பேர். எங்கள் பக்கம் நான், என் மனைவி ராமாத்தாள், எங்கள் கத்தரி. மொத்தம் பத்து. தரகர் கறிவேப்பிலையும் வந்திருந்தார். அவர் கொசுறு என்பதால் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

எங்கள் குடியிருப்பில், வாசல் பாதையை ஒட்டிய பூவரிசையில் ஒரு செடி இடம் பிடிக்க வேண்டுமானால், வரிசையில் இருப்பவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துச் சம்மதிக்க வேண்டும். பெண் பார்ப்பது போலத்தான். சித்திரை பிறந்துவிட்டால் சங்கத்துத் தண்ணீர் வரிசைக்கு மட்டுமே. மாடித் தொட்டிகளுக்குச் சொட்டுக்கூடக் கிடையாது. கத்தரி எங்கள் சமையலறை ஜன்னலில் முளைத்து வளர்ந்தவள். இந்த இடம் அமையாவிட்டால் கோடையைத் தாண்டமாட்டாள். ராமாத்தாள் அந்தக் கவலையில் சரியாகச் சாப்பிடவில்லை.

பஜ்ஜி எதில் போடுவது என்று காலையிலேயே பேச்சு எழுந்தது. கத்தரிக்காயில் போட முடியாது, அது பெண் வீட்டு வழி. வாழைக்காயிலும் முடியாது, கல்வாழைக்குப் பெயர் வழியில் உறவு. உருளைக்கிழங்கு மண்ணுக்கடியிலேயே இருப்பவர், யாரிடமும் போக்குவரத்து இல்லாதவர். அவரிலேயே போட்டோம்.

நாலு மணிக்கு மாடி ஏறி வந்தார்கள். படியெல்லாம் ஈரமண். செண்டுமல்லிகள் நால்வரும் கட்டிலில் நெருக்கி உட்கார்ந்ததும் அறையே மஞ்சளாயிற்று. குரோட்டன்ஸ் உடுத்தியிருந்த நிறங்களை எண்ணினேன். ஐந்து வரை வந்தது. ஆறாவதை மஞ்சள் என்பதா பச்சை என்பதா என்று தெரியாமல் விட்டுவிட்டேன். பார்க்க வந்தவர்களும் பார்க்கத் தகுந்தவர்கள்தான்.

ராமாத்தாள் கத்தரியைக் கூட்டி வந்தாள். தண்டில் ஊதா மினுமினுப்பு. இலை நரம்புகளிலும் அதே ஊதா ஓடியிருந்தது. பூ, நடுவில் மஞ்சள் வைத்த ஊதா நட்சத்திரம். எப்போதும் தலை குனிந்தே பூப்பாள். யாரும் சொல்லித் தந்ததில்லை.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு," என்றார் கல்வாழை. "ஆனா காய்க்கும்னு ஒரு பேச்சு அடிபடுதுங்களே?"

"அது எப்பவாச்சும்தானுங்க," என்றாள் ராமாத்தாள்.

"எங்க வரிசையில இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் எதுக்கும் உபயோகப்பட்டதில்லீங்க அம்மா."

"காய்ச்சா கண்டவனும் கை வைப்பான்," என்றார் செம்பருத்தி.

"ஏனுங்க அக்கா, வெண்டைக்காய் உங்க தம்பி மகதானுங்களே?"

செம்பருத்தி இதழ்களை மூடிக்கொண்டார். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. "பெரியம்மா மாட்டிக்கிட்டாங்க," என்று செண்டுமல்லிகளில் ஒருத்தி மற்றொருத்தியை இடித்தாள்.

"காய் ஊதாவா?" என்று குரோட்டன்ஸ் முதல் முறையாக வாய் திறந்தார். "எனக்குப் பக்கத்துல நல்லா எடுப்பா இருக்கும்."

கல்வாழை பஜ்ஜியைக் கடித்தபடி யோசித்தார். "சரி, அழகுக்குக் காய்க்கட்டும். ஆனா இப்ப ஏழு பேர் இருக்கறோம். இவளோட எட்டு. வரிசைன்னா ஒத்தப்படையில்லீங்களா? சீர்வரிசைத் தட்டுக்கூட எட்டு வைக்கமாட்டாங்களே."

"கறிவேப்பிலை அண்ணன் இருக்காரே?"

"நான் கொசுறுங்க," என்றார் கறிவேப்பிலை.

கத்தரியின் கீழ் இலை ஒன்று லேசாகத் துவண்டது. ராமாத்தாள் முந்தானையை விரலில் சுற்றத் தொடங்கினாள்.

நான் புது ஆட்கள் முன் பேசுகிறவன் அல்ல. வந்ததிலிருந்து சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். கல்வாழை என் பக்கம் திரும்பினார்.

"அண்ணன் என்ன பண்றாருங்க?"

"மில்லுல நூல் கோன் எண்ணிட்டு இருந்தாருங்க. இப்ப ஒண்ணும் பண்றதில்ல."

"ஒண்ணுமேவா?"

"குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வைக்கமாட்டாருங்க."

கல்வாழையின் பார்வையில் மரியாதை கூடியது. "நிக்கறதும் நேரா நிக்கறாரு."

"நிழலும் நல்லா விழும் பெரியப்பா," என்றாள் மூத்த செண்டுமல்லி.

ராமாத்தாள் கத்தரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏங்க?" என்றாள்.

நான் செருப்பைக் கழற்றி வைத்தேன்.

இப்போது வரிசையில் ஒன்பது பேர். வாசலிலிருந்து மூன்றாவது நான், நான்காவது கத்தரி, ஐந்தாவது குரோட்டன்ஸ். நல்ல மண், விரல்களுக்கு இடையில் உதிரும் மண். சித்திரை பிறந்ததும் சொன்னபடி தண்ணீர் வந்தது. முதலில் என் கணுக்காலை நனைத்துவிட்டு அவளிடம் போயிற்று. மறுவாரமே காய் விட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது, கத்தரிக்காயின் பளபளப்பில் எதிர்க் கட்டடம் முழுவதும் வளைந்து தெரியும், கொடியில் காயும் துணிகள் உட்பட.

பாதையில் போகிறவர்கள் நிற்கிறார்கள்.

"இந்தக் கத்தரி என்ன அழகு பாருங்க!"

"அதுக்குப் பக்கத்துல நிக்கறது?"

"அது சும்மா அழகுக்கு வச்சது."

என்னைப் பற்றி ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நேற்று ராமாத்தாள் கூடையோடு வந்தாள். "பூக்களைப் பறிக்காதீர்" என்று சங்கம் வைத்த பலகை கத்தரிக்கு நேராக இருக்கிறது. காயைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஐந்து காய் இருந்தது, ஐந்தையும் பறித்தாள். கத்தரி தலை குனிந்திருந்தாள், வழக்கம்போல. கறிவேப்பிலையில் ஒரு கொத்து ஒடித்தாள். அதை நான் எண்ணவில்லை. திரும்பும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் இடது தோளில் பூத்திருந்த இரண்டில் ஒன்றைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டாள்.

மீதி ஒன்று.